டைல்ஸ் இடுக்கில் கறை: எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது

குளியலறைச் சுவரில் பதித்த டைல்ஸைப் பத்து ஆண்டுகள் கழித்துத் துடைத்தாலும் பளிச்சென்று இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓடும் கோடுகள் மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கறுத்து, பழுப்பேறி, சில இடங்களில் பொடிந்தும் போகும். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதுதான் காரணம். டைல்ஸ் என்பது ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் சுட்ட களிமண். அதன் முகத்தில் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு உண்டு. அழுக்கு அதன் மேல் உட்காருமே தவிர உள்ளே இறங்காது. இடுக்கை அடைக்கும் கிரவுட் அப்படியல்ல. சிமெண்ட், பொடி மணல், நிறப்பொடி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பாலிமர் ஆகியவை சேர்ந்த கலவை அது. தமிழ்நாட்டில் பழைய வீடுகள் பலவற்றில் அதுகூட இல்லை. ஒயிட் சிமெண்டைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துவிட்டிருப்பார்கள்.

சிமெண்ட் இறுகும்போது கலவையில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்கிறது. எண்ணெய், சோப்பு, மஞ்சள், தரை துடைத்த அழுக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் அந்தத் துளைகள் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கின்றன. போதாததற்கு, கிரவுட் டைல்ஸைவிட ஒரு நூல் பள்ளமாக இருக்கும். தரையில் ஓடும் தண்ணீர் கடைசியில் வற்றுவது அந்தப் பள்ளத்தில்தான்.

இந்தக் கோடு அழகுக்காக மட்டும் போடப்பட்டதல்ல. டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் முதல் அரண் அது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளியலறைத் தளத்தைச் சற்றுத் தாழ்த்திப் போட்டு, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி, அதன் மேல் டைல்ஸ் பதிக்கும் வழக்கம் உண்டு. மேலே இடுக்கு விட்டுப்போனால் தண்ணீர் அந்த நிரப்பலில் தேங்கும்; அடியில் பூசிய நீர்க்காப்புப் பூச்சும் பழுதாகியிருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரியும். ஆகவே கிரவுட்டைச் சுத்தம் செய்யும்போது, கறை போக வேண்டும், கிரவுட் போகக் கூடாது என்ற இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும். நடைமுறையில் இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆசிட் ஊற்றினால் நடப்பது

கறுத்த இடுக்கில் ஆசிட் ஊற்றினால் உடனே சுர்ரென்று நுரை பொங்கும். தேய்த்துக் கழுவினால் கோடு வெள்ளையாகத் தெரியும். அழுக்குதான் நுரைத்து வெளியே வந்தது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் நுரைத்தது கிரவுட். இறுகிய சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடும், காற்றுப்பட்டு நாளடைவில் உருவாகும் கால்சியம் கார்பனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையும் கால்சியம் குளோரைடாக மாறுகின்றன. கார்பனேட்டிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுதான் அந்த நுரை. மேல் அடுக்கு கரைந்து ஓடும்போது அதைப் பற்றியிருந்த கறையும் சேர்ந்து போகிறது; அடியில் இருந்த புது சிமெண்ட் வெள்ளையாகக் கண்ணில் படுகிறது.

விலை அடுத்த மாதமே தெரியும். அமிலம் தின்ற பரப்பு சொரசொரப்பாகி, துளைகள் பெரிதாகியிருக்கும். முன்பு ஆறு மாதத்தில் ஏறிய அழுக்கு இப்போது சில வாரங்களில் ஏறும். மறுபடியும் ஆசிட், மறுபடியும் ஒரு படலம் நட்டம். விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் கிரவுட்டைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த நிலைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அழுக்கு அல்ல, சுத்தம் செய்த முறை.

பல வீடுகளில் இந்தச் சேதம் குடிபோவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டைல்ஸ் வேலை முடிந்ததும் மேலே படிந்த சிமெண்ட் கறையைப் போக்க, கிரகப்பிரவேசத்துக்கு முன் 'ஆசிட் வாஷ்' அடிப்பது வழக்கமாகிவிட்டது. சிமெண்ட் தன் முழு வலுவை அடைய ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். இரண்டு நாள் முன்பு அடைத்த கிரவுட்டின் மேல் ஆசிட் ஊற்றுவது, அது இறுகும் முன்பே அதைக் கரைப்பதாகும். கிரவுட் அடைத்த அன்றே, அது முழுவதும் காய்வதற்குள், ஈர ஸ்பாஞ்சால் டைல்ஸ் முகத்தைப் பலமுறை துடைத்தெடுத்தால் இந்த ஆசிட் வாஷுக்கு வேலையே இராது. வீட்டுக்காரர் அருகில் நின்று இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

தெருவில் கேனில் வரும் ஆசிட் தவிர, கடையில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றிலும் இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் பத்து சதவீதம் இருக்கிறது. அவை பீங்கான் கோப்பைக்காகச் செய்யப்பட்டவை. பீங்கானுக்கு அவற்றால் தீங்கில்லை. அதே திரவத்தைத் தரையிலும் சுவரிலும் ஊற்றித் தேய்ப்பதால்தான் கிரவுட் கெடுகிறது. ஸ்டீல் குழாய்களிலும் தரை வடிகால் மூடிகளிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழுகிறது. விளக்கம் சிறிய எழுத்தில் புட்டியின் பின்புறத்தில் இருக்கும். அதில் 'ஹைட்ரோகுளோரிக்' என்ற சொல் இருந்தால் அந்தப் புட்டி கோப்பையைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

வினிகரும் எலுமிச்சையும் இயற்கையானவை என்பதால் பாதுகாப்பானவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் நான்கைந்து சதவீதம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். வேகம் குறைவு, வேலை அதே வேலைதான். எப்போதோ ஒருமுறை, சில நிமிடம் பட்டுக் கழுவிவிட்டால் பெரிய கேடு இல்லை. வாரம் தவறாமல் வினிகர் தெளித்து ஊறவைத்தால் சிமெண்ட் கிரவுட் மெல்ல மெல்லக் கரையும். வினிகரோடு சமையல் சோடா சேர்த்துப் பொங்கவிடும் முறையும் பிரபலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். பொங்குவது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கறை நீக்கும் வலு இரண்டுக்குமே போய்விட்டிருக்கும். தனியாகப் பயன்படுத்தினால் சோடாவாவது கொஞ்சம் வேலை செய்யும்.

எந்தக் கறை, எந்த மருந்து

இடுக்கில் தெரியும் கறுப்பு, மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் ஒரே அழுக்கல்ல. என்ன கறை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாதபோதுதான் இருப்பதிலேயே கடுமையான புட்டியைக் கை தேடுகிறது.

சமையலறையில் அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவர்க் கோடுகளில் படிவது எண்ணெய்ப் பசை. தாளிக்கும்போது தெறிப்பதும் ஆவியாகப் பறந்து ஒட்டுவதும் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். இதை அமிலம் அசைக்காது. காரம்தான் எண்ணெயைப் பிரிக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சூடான தண்ணீரில் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்தால் புதுப் பிசுக்கு போய்விடும். பழையதற்குச் சலவை சோடா ஒரு கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். காரம் சிமெண்டைத் தின்னாது, சிமெண்டே காரப்பொருள்தான். கைத்தோலை அது உலர்த்தி எரிக்கும் என்பதால் கையுறை வேண்டும்.

அதே சுவரில் மஞ்சள் கறை தனி ரகம். சோப்பு போட்டுத் தேய்த்தால் மஞ்சள் திடீரென்று செங்கல் சிவப்பாக மாறும். கறை இன்னும் மோசமாகிவிட்டதென்று பதற வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் இயல்புடையது. காரம் கழுவப்பட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்பும். வெயில் பட்டால் குர்குமின் தானாக வெளுக்கும். சேலையில் பட்ட மஞ்சளை வெயிலில் காயப்போடுவது அதனால்தான். சமையலறைச் சுவரை வெயிலில் போட வழியில்லாததால் அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு கைகொடுக்கும். மருந்துக் கடைகளில் கிடைப்பது பொதுவாக ஆறு சதவீதக் கரைசல். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் மூன்று சதவீதமாகும். சமையல் சோடாவில் இதை ஊற்றிக் களி போலக் குழைத்து, கறைமேல் அப்பி, பதினைந்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெராக்சைடு தன் வேலையை முடித்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். நச்சு எதுவும் மிஞ்சாது. குழைத்த மிச்சத்தை மூடிபோட்ட புட்டியில் வைக்கக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து புட்டி வெடிக்கும்.

வீட்டுத் தரைக் கோடுகள் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் மாப்பு பிழிந்த தண்ணீரின் வேலை. ஒரே பக்கெட் தண்ணீரில் வீடு முழுவதையும் துடைத்தால், முதல் அறையின் மண் கடைசி அறையின் இடுக்கில் போய்ச் சேரும். தரைத் திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான். கழுவப்படாத சோப்புப் பசை காய்ந்து, நடக்கும் கால்களின் தூசியை எல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். இதற்கு ஏற்றது ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் தூள். தண்ணீரில் கரைத்தால் அது சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. ஒன்று எண்ணெயைப் பார்த்துக்கொள்ளும், மற்றது நிறத்தை. துணிக்கறை நீக்கும் தூள்களில் பலவற்றின் மூலப்பொருள் இதுதான். வெந்நீரில் கரைத்து உடனே பயன்படுத்த வேண்டும். ஆறிய கரைசலில் வேகம் குறையும், மறுநாள் ஒன்றும் இராது. சிமெண்ட் கிரவுட்டுக்கென்று வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் வாங்கிவைக்க முடியும் என்றால் வாங்க வேண்டியது இதுவே.

குளியலறை மூலைகளில் புள்ளி புள்ளியாகத் தோன்றி விரிவது பூஞ்சை. ஈரமும் சோப்புப் படிவும் இருந்தால் அதற்குப் போதும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களில் சுவர் காயாமலே கிடக்கும்போது இது வேகமாகப் பரவும். பெராக்சைடோ ஆக்சிஜன் பிளீச்சோ முதலில் முயல வேண்டியவை. அவற்றுக்கு மசியாத திட்டுகளுக்கு மட்டும், சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்ட திரவ பிளீச்சில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஜன்னலைத் திறந்துவைத்துத் தடவி, பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். நிறக் கிரவுட்டாக இருந்தால் பிளீச் நிறத்தையும் வெளுக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் சிமெண்டுக்குப் பதில் சிலிக்கான் அடைத்திருந்தால், அதற்குள் வேர்விட்ட கறுப்பு எதற்கும் போகாது; சிலிக்கானை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான். எதை ஊற்றினாலும் ஈரம் நிற்கும் இடத்தில் பூஞ்சை திரும்ப வரும். குளித்த பிறகு வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு தடவை இழுத்துவிடுவதும், எக்ஸாஸ்ட் மின்விசிறியை இன்னும் அரைமணி நேரம் ஓடவிடுவதும் எந்த மருந்தையும்விட அதிகம் உதவும்.

இளஞ்சிவப்பாக வழவழவென்று படிவது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. பெரும்பாலும் செராஷியா மார்செசென்ஸ் என்ற வகை. சோப்பு, ஷாம்பு மிச்சத்தைத் தின்று வளர்கிறது. தேய்த்தாலே வந்துவிடும். உடல் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது தொற்றை உண்டாக்கக் கூடும் என்பதால் அத்தகையோர் இருக்கும் வீட்டில் தள்ளிப்போடக் கூடாது.

மிகப் பெரிய தொல்லை உப்புத் தண்ணீர். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலும் நகரப் புறநகர்களின் போர்வெல் தண்ணீரிலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. குளிக்கப் பயன்படும் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் அந்த மேல்வரம்பையும் தாண்டும். தண்ணீர் காய்ந்ததும் அந்த உப்பு வெள்ளைத் திட்டாக நிற்கிறது. சோப்போடு சேர்ந்தால் சாம்பல் நிறப் படிவாகிறது.

இங்கேதான் சிக்கல். அந்த வெள்ளைப் படிவும் கால்சியம் கார்பனேட், கிரவுட்டின் மேற்பரப்பும் பெருமளவு அதுவே. படிவைக் கரைப்பது எதுவானாலும் கிரவுட்டையும் கரைக்கும். எனவே அமிலம் பயன்படுத்துவதானால் டைல்ஸ் முகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முதலில் சுவர் முழுவதையும் நல்ல தண்ணீரால் நனைக்க வேண்டும். கிரவுட்டின் துளைகளில் தண்ணீர் ஏறியிருந்தால் அமிலம் ஆழமாக இறங்காது. பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்து, திட்டின் மேல் மட்டும் தடவி, ஐந்து நிமிடத்துக்குள் ஏராளமான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கோட்டின் மேலேயே ஏறிய உப்பைப் பிரஷாலும் பொறுமையாலும்தான் எடுக்க வேண்டும். ஒரே நாளில் போகாது. வாரத்துக்கு ஒருமுறை தேய்த்தால் குறையும்.

போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் கோடுகள் துருநிறம் கொள்ளும். இதற்குப் பிளீச் போடவே கூடாது. கரைந்திருக்கும் இரும்பை அது கரையாத துருவாக்கி, கறையை நிலைக்கச் செய்துவிடும். மேலே சொன்ன சிட்ரிக் கரைசலே சில நிமிடத்துக்குப் பொருந்தும்.

சேர்த்து ஊற்றக் கூடாதவை

கிரவுட் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். நுரையீரல் கெட்டால் மாற்ற வழியில்லை. குளியலறைச் சுத்தத்தில் உயிருக்கே ஆபத்தான செயல் ஒன்று நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. பாசி வழுக்குகிறதென்று தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். அதில் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் காய்ந்ததும் வெள்ளைப்படலம் நிற்கிறது. அந்த வெள்ளையைப் போக்க ஆசிட்டையோ கழிப்பறைத் திரவத்தையோ மேலே ஊற்றுகிறார்கள். பிளீச்சும் அமிலமும் சந்தித்த கணம் குளோரின் வாயு கிளம்பும்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது தரையோடு தங்கும். குனிந்தோ குத்துக்காலிட்டோ உட்கார்ந்து தேய்ப்பவரின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். கதவை ஒருக்களித்து, ஜன்னல் ஒரு முழம்கூட இல்லாத நான்குக்கு ஆறடிக் குளியலறையில் அது எங்கே போகும்? கண் எரிச்சல், தொண்டைக் கமறல், விடாத இருமல் என்று தொடங்கும். சற்று நேரத்தில் சரியானது போலத் தோன்றினாலும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டக் கூடும்.

அப்படி நெடி அடித்தால் வாளியையும் பிரஷையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கழுவிவிட்டு வரலாம் என்று உள்ளே நிற்பதுதான் பெரும் தீங்கு. இருமல் அடங்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். தோலிலோ கண்ணிலோ ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எரித்துக்கொண்டு இறங்கியது எரித்துக்கொண்டே மேலேறும்.

பிளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் சேர்ந்தாலும் குளோரமின் என்ற நச்சுவாயு வரும். வினிகரும் பெராக்சைடும் ஒரே புட்டியில் கலந்தால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் பெரசிட்டிக் அமிலம் உண்டாகும். எது எதோடு சேரும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளில் ஒரு பொருள், அதைக் கழுவித் துடைத்த பிறகே வேறொன்று என்று வைத்துக்கொண்டால் போதும். பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் அன்று வேறு எதுவும் படக் கூடாது.

தெருவில் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் 'ஆசிட், பினாயில்' என்று கூவி விற்கப்படும் கேன்களில் எத்தனை சதவீத அமிலம் என்பதற்கு எந்தச் சீட்டும் இராது. அது வீட்டுக்குள் வந்ததும் பழைய தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கப்படும். ஆசிட் வீச்சுக் கொடுமைகளை அடுத்து உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாளச் சான்றும் பதிவேடும் கட்டாயம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பவை அதில் அடங்கும். டைல்ஸ் இடுக்குக்காக அந்தப் பொருளை வீட்டில் வைத்திருக்கத் தேவையே இல்லை.

இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பெரும்பாலான நடுத்தர வீடுகளில் குளியலறையைக் கழுவுவது வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். ஒரு நாளில் நான்கைந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் வேறொரு புட்டி, வெறுங்கை, மூடிய அறை. புட்டியின் பின்னால் உள்ள எச்சரிக்கை அவர்கள் படிக்க முடியாத மொழியிலும் எழுத்தளவிலும் இருக்கும். கையுறை வாங்கிக் கொடுப்பதும், எதையும் எதோடும் கலக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வதும், சீட்டில்லாத புட்டியை வீட்டில் வைக்காமல் இருப்பதும் வேலை கொடுப்பவரின் கடமை. கோடு வெள்ளையாகவில்லை என்று கடிந்துகொண்டால் ஆசிட் கேனைத்தான் அவர் தேடுவார்.

தேய்க்கும் முறை

மருந்தைவிடப் பிரஷ் முக்கியம். விறைப்பான நைலான் இழை கொண்ட குறுகலான பிரஷ் போதும். பழைய பல்துலக்கி சின்ன இடங்களுக்கு உதவும். கம்பிப் பிரஷும் ஸ்டீல் நாரும் கூடாது. அவை கிரவுட்டைச் சுரண்டுவதோடு நுண்ணிய இரும்புத் துகள்களை உள்ளே விட்டுச் செல்லும். அவை பின்னர் துருப்பிடித்துப் புதுக் கறையாகும். கத்தி நுனியால் கீறுவதும் அப்படித்தான், டைல்ஸ் ஓரம் உடைந்துவிடும்.

எந்தப் பொருளையும் முதலில் கதவுக்குப் பின்னாலோ வாளிக்கு அடியிலோ கண்ணில் படாத ஒரு சாண் கோட்டில் தடவி, காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். நிறம் மாறாமல், விரலில் மாவு ஒட்டாமல் இருந்தால் மேலே போகலாம். ஊறவைக்கும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம். கரைசல் காயவிடக் கூடாது. கழுவிய தண்ணீர் கோட்டில் தேங்காமல் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் கரைந்த அழுக்கு அதே துளைகளில் திரும்பப் படிந்து, காய்ந்ததும் ஒன்றுமே செய்யாதது போலத் தெரியும். நீராவி இயந்திரம் நல்ல நிலையிலுள்ள கிரவுட்டில் மருந்தே இல்லாமல் அழுக்கை எடுக்கும்; விரிசல் விட்ட கிரவுட்டில் அது பெயர்த்துவிடும்.

தரையில் பதித்தது டைல்ஸ்தானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பிளும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. ஒரு துளி எலுமிச்சைச் சாறு பட்டாலே அவற்றின் மெருகு போய் வெளிறிய தடம் விழும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி ஓடுகள் சுடப்படாதவை. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்பவை. அவற்றின் பூவேலையே சிமெண்ட் என்பதால், கிரவுட்டுக்குச் சொன்ன விலக்குகள் எல்லாம் ஓடு முழுவதற்கும் பொருந்தும். இந்தத் தரைகளில் வினிகர், சிட்ரிக், ஆசிட் எதுவும் கூடாது. மென்மையான சோப்புத் தண்ணீர்தான்.

சுத்தம் போதாத இடம்

நன்றாகத் தேய்த்துக் காயவிட்ட கோட்டின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் அதன் நிலை தெரிந்துவிடும். சொட்டு முத்தாக நின்றால் காப்புப் பூச்சு உள்ளது, அல்லது அது எபாக்சி என்ற பிசின் வகைக் கிரவுட். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக் கருத்தால் துளைகள் திறந்திருக்கின்றன. அத்தகைய சிமெண்ட் கிரவுட்டுக்குக் கடைகளில் கிரவுட் சீலர் கிடைக்கிறது. துளைக்குள் இறங்கித் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்யும் சிலேன், சிலாக்சேன் வகைத் திரவங்கள் அவை. கோடு முழுவதும் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும்; ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தையும் அழுக்கையும் உள்ளே பூட்டியதாகிவிடும். புதுக் கிரவுட்டாக இருந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது புட்டியிலேயே இருக்கும். புழங்கும் இடத்தைப் பொறுத்து ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

நகம் பட்டாலே உதிரும், விரிசல் கண்ட, பள்ளம் விழுந்த கிரவுட்டை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது. பழையதன் மேலேயே ஒயிட் சிமெண்டைப் பூசி மறைக்கும் வழக்கமும் பயனற்றது. மெல்லிய படலம் சில மாதங்களில் ஓட்டை ஓட்டையாக உரிந்துவிடும். பழைய கிரவுட்டை ஆழமாகச் சுரண்டியெடுத்து, தூசி தட்டி, புதிதாக அடைக்க வேண்டும். அப்போது எபாக்சி கிரவுட் பற்றி யோசிக்கலாம். பிசினும் அதை இறுக்கும் பொருளுமாக இரண்டு பகுதிகளைக் கலந்து அடைப்பது அது. சிமெண்டும் துளையும் இல்லாததால் மஞ்சளோ எண்ணெயோ உள்ளே இறங்காது, சீலரும் தேவையில்லை. விலை பல மடங்கு அதிகம். விரைவாக இறுகும் என்பதால் பழகிய கை வேண்டும். டைல்ஸ் முகத்தில் படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. அடுப்புச் சுவருக்கும் குளிக்கும் இடத்துக்கும் மட்டுமாவது அந்தச் செலவு தகும். புது வீடு கட்டுவோரும் குளியலறையைப் புதுப்பிப்போரும், டைல்ஸ் மேஸ்திரி ஒயிட் சிமெண்ட் பையைப் பிரிப்பதற்கு முன்பே, எந்தக் கிரவுட் வேண்டும் என்பதையும், ஆசிட் வாஷ் வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.